ராட்வைலர்காரர் வீடு

எங்கள் தெருவுக்கு வந்து என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. புருஷோத்தமன் என்றால் எந்தப் புருஷோத்தமன் என்பார்கள். மாம்பழக்கூழ் கம்பெனியில் லோடிங் மேஸ்திரி என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். ராட்வைலர்காரர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், இஸ்திரி போடுகிறவர் பெட்டியை வைத்துவிட்டு வந்து கேட்டைக் காட்டிவிட்டுப் போவார். சித்தூரில் எங்களுக்கு இருந்த விலாசம் அதுதான்.

கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கும். சிவப்புப் பெயின்ட்டில், தெலுங்கிலும் இங்கிலீஷிலும், ஜாக்கிரதை ராட்வைலர் என்று இருக்கும். தமிழில் எழுதவில்லை. ராட்வைலர் ஜெர்மனி ஜாதி நாய், அதற்குத் தமிழ் ஒத்துவராது என்பது அவர் கட்சி. தெருவில் யாராவது இருந்தால் நாயிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். சிட் என்பார், அது நிற்கும். கம் என்பார், அது போய்விடும். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்ததும், வாடி என் செல்லம் என்பார், அது ஓடி வந்து மடியில் ஏறும்.

பெயர் ருமானி. குட்டியாக வந்தபோது ருமானி மாம்பழம் போல உருண்டையாக இருந்தாள், நான்தான் வைத்தேன். அவர் கில்லர் என்று வைக்கப் பார்த்தார். பெட்டை நாயைக் கில்லர் வா, கில்லர் சோறு துன்னு என்று யார் கூப்பிடுவது என்று சண்டை போட்டு மாற்றினேன். ருமானிக்குப் பட்டாசு என்றால் பயம், மிக்சி என்றால் பயம். பூனை வந்தால் எழுந்து வழிவிடுவாள். பப்பு சாதமும் மாங்கொட்டையும் கொடுத்தால் யாரோடும் போய்விடுவாள். ஆனால் கறுப்பு உடம்பு, நெஞ்சில் பழுப்பு, அகலமான மண்டை, கண்ணுக்கு மேலே பழுப்பில் இரண்டு பொட்டு. கேட்டுக்கு வெளியே இருந்து பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், ருமானி ராட்வைலர் இல்லை. வரதய்யபாளையம் காலனியில் என் மாமனார் கன்னையா வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் பிறந்தவள். அம்மா பெயர் கறுப்பி. எங்கள் காலனியில் பாதி நாய்கள் இந்த அச்சுதான், நாலுகண் நாய் என்போம். கண்ணுக்கு மேலே இருக்கிற பொட்டையும் சேர்த்து நாலு கண். எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக் காசுக்கு வாங்குவதில்லை, சும்மாவும் வாங்குவதில்லை. சும்மா வாங்கினால் குட்டி தங்காது என்பார்கள். தாய்நாய்க்குக் காய்ச்சி ஊற்ற ஒரு முறம் தவிடு கொடுத்துவிட்டுத்தான் குட்டியைத் தூக்க வேண்டும். பெற்ற அப்பன் வீடாக இருந்தாலும் அதே முறைதான். அவரும் என் மாமியார் சுந்தரம்மா கையில் தவிட்டைக் கொடுத்துவிட்டுத்தான் ருமானியைப் பழக்கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்.

பிறகு எப்படி ராட்வைலர் ஆனாள் என்றால், அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு நாகேந்திரன். குட்டியானை என்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். நல்ல பையன், போனில் நாய் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து அறிவு வளர்த்தவன். கூடையோடு நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அன்று எட்டிப் பார்த்துவிட்டு, "அன்னா, இதி ராட்வைலர் கதா?" என்று தெலுங்கில் கேட்டான், அண்ணா இது ராட்வைலர்தானே என்று. அன்றுவரை அவன் இவரை அன்னா என்று கூப்பிட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்றார்.

அந்த ஒரு பொய்க்கு மேல் அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு ஆச்சு என்று கேட்டால் சிரிப்பார். பெங்களூரா என்று கேட்டால் அதற்கும் சிரிப்பார். மீதியெல்லாம் தெருவே கட்டிக்கொண்டது. பெங்களூரில் பெரிய நாய்ப் பண்ணையில் வாங்கியது, தாத்தா நாய் ஜெர்மனியில் போலீஸில் இருந்தது என்றெல்லாம் எனக்கே வெளியில் இருந்துதான் தெரியவந்தது.

எனக்கு வாய் ஜாஸ்தி. அது கம்பெனியில் பழம் பொறுக்குகிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை, ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். குடிவந்த புதிதில் வீட்டுக்காரம்மா வசந்தா எங்களை என்ன ஜாதி என்று சுற்றிவளைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். சொந்த ஊர் எது என்பாள். சூளூர்பேட்டைப் பக்கம் என்று இவர் பொதுவாகச் சொல்வார். வரதய்யபாளையம் என்றால் அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதாக இருக்கும், அது இவருக்குத் தெரியும். ருமானி வந்தபிறகு எல்லோரும் நாயைத்தான் என்ன ஜாதி என்று கேட்டார்கள். எங்களைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். வசந்தாம்மா சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து அடுப்படியை எட்டிப் பார்ப்பதும் நின்றது. இவர் தெருவில் நடக்கிற நடையே மாறிப்போயிற்று. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ருமானி வளர்ந்து பெரியவளான சமயம் மாமனார் ஒரு பை வேர்க்கடலையோடு எங்களைப் பார்க்க வந்தார். ருமானி அவர்மேல் விழுந்து புரண்டாள். கேட்டுக்கு வெளியே நாகேந்திரன் நின்றிருந்தான். மாமனார் சந்தோஷத்தில், கறுப்பி மூக்கு அப்படியே வந்திருக்கிறது பார் என்று ஆரம்பித்தார். இவர் குறுக்கே பாய்ந்து, காப்பி ஆறுது, உள்ளே வா நைனா என்று கையைப் பிடித்து இழுத்தார். மாமனாருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் மனுஷன் ஏமாளி இல்லை. உள்ளே வந்ததும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். படித்தேன். நல்லா கீது என்று சிரித்தார். காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார். அதற்குப்பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் கடலைக்காட்டில் வேலை இருக்கிறது என்றுதான் பதில். எந்தக் கடலைக்காட்டில் வருஷம் முழுக்க வேலை இருக்கிறது, சொல்லுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் நாய்ச் சட்டம் வந்தது. எங்கோ ஒரு ஊரில் ஒரு பெரிய நாய் ஒரு குழந்தையைக் குதறிவிட்டது. டிவியில் அதையே காட்டினார்கள். குழந்தையைக் கடிக்கிற நாயை ஊருக்குள் வைக்கக்கூடாது என்பதில் எனக்கும் சண்டை இல்லை. முனிசிபாலிடி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தது. இன்னின்ன ஜாதி நாய்களையும் அவற்றின் கலப்பையும் ஊர் எல்லைக்குள் வளர்க்கக்கூடாது, மாதக் கடைசிக்குள் வெளியே அனுப்பிவிட வேண்டும், தவறினால் வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும் என்றது. பிட்புல் என்று முதலில் சொன்னார்கள். அடுத்த பெயரே நம்மாள்தான். தெருவே எங்கள் கேட்டைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டு நாளில் முனிசிபாலிடி இன்ஸ்பெக்டர் வந்தார். கேட்டுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டே பேசினார். ருமானி போய் என் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து அவருக்குக் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அவள் செய்கிற மரியாதை அது. அவர் இன்னும் இரண்டு அடி தள்ளிப் போனார். இது நாட்டு நாய் சார் என்றேன். அவர் சலித்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்களாம், நேற்று ஒருவர் பிட்புல்லைக் காட்டிக் கன்றுக்குட்டி என்றாராம். வெறிநாய் ஊசி முகாமில் என்ன ஜாதி நாய் என்று கேட்டதற்கு உங்கள் வீட்டுக்காரரே மைக்கில் ராட்வைலர் என்று சொன்னதை நானே கேட்டேன் அம்மா என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் மதில்மேல் நாகேந்திரன் தலை தெரிந்தது. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எதைப் பார்த்து நாட்டு நாய் என்கிறீர்கள், அசல் ஜெர்மன் சரக்கு, மண்டையைப் பாருங்கள், நெஞ்சைப் பாருங்கள் என்று தெலுங்கில் பொரிந்து தள்ளினான். எங்களுக்காகத்தான் சண்டை போட்டான், பாவம். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, பக்கத்து வீட்டிலேயே சாட்சி இருக்கிறது என்றார். ஆட்சேபணை இருந்தால் திருப்பதி கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டி, கலப்புகூட இல்லை என்று எழுதி வாங்கி வரச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கையில் மாங்கொட்டைப் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ருமானியை ஊரில் நைனாவிடம் விட்டுவிடலாம், எல்லாம் அடங்கினபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"நாட்டு நாயின்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சி போச்சி. அத சொல்ல மாட்ட, நாய அனுப்பிடுவ. இன்னாயா நாயம் இது?"

"சொல்ட்டு நாளைக்கி இந்தத் தெருவுல எப்டி நடக்கறது?"

"காலால நட."

ருமானி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சண்டைக்குக் காரணம் மாங்கொட்டைதான் என்று நினைத்துப் பையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் சீசனில் இவர் மாதக்கணக்கில் ஷிஃப்ட் பார்க்கும்போது, அந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜீவன் அவள்தான். அவளை விடுகிற எண்ணம் எனக்கு இல்லை. டாக்டரிடம் போகிறோம், நீ வராவிட்டால் நானே நாயை இழுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

டாக்டரிடம் மெதுவாகச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டால் தெருவுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை அவருக்கு வந்தது. அதற்கு ஒத்துக்கொண்டார். ஆனால் வளர்ந்த நாயை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். நாங்கள் வண்டிக்கு யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாகேந்திரன் குட்டியானையைத் துடைத்து, பின்னால் சாக்கு விரித்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். நானும் வருகிறேன் அன்னா, டாக்டரிடம் நான் பேசுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடக்கூடிய ஆளா அவன்.

வழிநெடுக மாந்தோப்புகள். ருமானி சாக்கின்மேல் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு காற்று வாங்கினாள். முன்னால் நாகேந்திரன் விடாமல் பேசிக்கொண்டு வந்தது கண்ணாடி ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. இத்தனை சுத்தமான ராட்வைலருக்கு ஸ்பெஷல் பர்மிஷன் கொடுப்பார்களாம். அதற்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று அவன் வீடியோ பார்த்து வைத்திருக்கிறானாம். என் வீட்டுக்காரர் தலை சந்திரகிரி தாண்டும்வரை ஒரு பக்கமும் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு எருமை, இரண்டு ஆடு, ஒரு கிளிக்கூண்டு. ருமானி ஆட்டைப் பார்த்துவிட்டு என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். உள்ளே போனோம். டாக்டர் ஸ்ரீவல்லி என்று பலகை போட்டிருந்தது. சின்ன உருவம், நெற்றியில் மெல்லிசாய் ஒரு ஸ்ரீசூர்ணக் கோடு. முதலில் தெலுங்கில் பேசினார். நான் ருமானியை அதட்டுவதைக் கேட்டுவிட்டு, தமிழா என்று சிரித்து நாற்காலி காட்டினார். திருப்பதிக்காரர்தானாம். அவர் வீட்டில் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியம் பண்ணுகிறவர்களாம். நான் மட்டும் இதுகளுக்குக் கைங்கரியம் பண்ணிண்டிருக்கேன் என்று சொல்லிக்கொண்டே ருமானியை மேஜைமேல் தூக்கிவைக்கச் சொன்னார்.

காதைப் பிடித்துப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், சுருண்ட வாலைத் தொட்டுப் பார்த்தார். ருமானி அவர் மணிக்கட்டை நக்கிவிட்டு, மேஜையிலேயே மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினாள். நாகேந்திரன் குனிந்து என் காதில், ஆக்டிங் அக்கா, உள்ளுக்குள் கவனித்துக்கொண்டிருக்கிறது என்றான்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ராட்வைலர்னு எனக்குத் தோணலை. ஆனா கலப்பே இல்லைன்னு எழுதணும்னா தாய் தகப்பன் தெரியணும். பாத்தா அப்படித் தெரியறதுன்னு மட்டும் நான் எழுத முடியாது, அவா ஒத்துக்க மாட்டா. எங்கேர்ந்து வாங்கிண்டு வந்தேள்?"

நாகேந்திரன் முந்திக்கொண்டு பெங்களூரு என்றான். பண்ணைப் பெயர்கூடச் சொன்னான், எங்கிருந்து பிடித்தானோ. போனை எடுத்து, ஜெர்மனி நாய் வீடியோ ஒன்றைப் போட்டு, இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் மேடம் என்று நீட்டினான். டாக்டர் பேனாவை மூடிவிட்டார். அப்படியானால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, கலப்பு என்றுதான் எழுத வேண்டிவரும் என்றார். கலப்பு என்று எழுதினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். பிடித்துக்கொண்டு போய்ப் பட்டியில் அடைப்பார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நான் என் வீட்டுக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இதை நான் சொன்னால் அது வேறு, அவர் சொன்னால் வேறு என்று எனக்குப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அதற்குள் ருமானி மேஜையிலிருந்து குதித்து, அவர் காலடியில் போய் அவர் செருப்பின்மேல் மோவாயை வைத்துப் படுத்தாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பேசினார். டாக்டரைப் பார்த்துப் பேசவில்லை, நாகேந்திரனைப் பார்த்துப் பேசினார்.

"பெங்களூருலாம் இல்லப்பா. எங்க நைனா ஊட்ல பொறந்தது. வரதய்யபாளையம் காலனி. ஒரு மொறம் தவுடு குட்த்து வாங்கினு வந்தேன். நாட்டு நாயிதான்."

நாகேந்திரன் அன்னா என்று மட்டும் சொன்னான். நீட்டியிருந்த போனில் ஜெர்மனி நாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றான்.

டாக்டருக்கும் விஷயம் பாதி புரிந்துவிட்டது போலிருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டு, தாய் நாய் இன்னும் இருக்கிறதா, வீடியோ காலில் காட்டச் சொல்ல முடியுமா என்று கேட்டார். இதென்ன பெரிய காரியம், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று எனக்கு உயிர் வந்தது. மாமனாருக்குப் போன் போட்டோம். எடுத்தவர் முகத்தில் பாதியும் வேப்பமரத்தில் பாதியும் தெரிந்தது. டாக்டரம்மா பேசுகிறார்கள் என்று சொல்லி இவர் போனைக் கொடுத்தார்.

டாக்டர் ருமானியைக் காட்டி, இது உங்கள் வீட்டு நாய் போட்ட குட்டியா பெரியவரே என்று கேட்டார்.

மாமனார் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு தலையைப் பலமாக ஆட்டினார். "இல்லீங்கம்மா. அது பெரிய எடத்து நாயி. ராட்டு... ராட்டுவீலு. நம்ம ஊட்டு நாய் இல்லீங்க. எங்களுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட வரவில்லை அந்த மனுஷனுக்கு. கடலைக்காட்டுக்கும் வீட்டுக்கும் நடக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறார், யாராவது கேட்டால் மகன் மானத்தைக் காப்பாற்றுவதற்கு. இதோ கேட்டுவிட்டார்கள், காப்பாற்றிவிட்டார்.

என் வீட்டுக்காரர் டாக்டர் கையிலிருந்து போனை வாங்கினார்.

"நைனா, நான்தான். நெஜத்த சொல்லு. நம்ம கறுப்பி குட்டின்னு சொல்லு."

"சொல்லலாமா?" மாமனார் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல யார்னா கீறாங்களா?"

"கீறாங்க. அல்லாரும் கீறாங்க. சொல்லு நைனா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வேப்பமரம் மட்டும் தெரிந்தது. மாமனார் துண்டால் முகத்தைத் துடைக்கிறார் என்று நினைக்கிறேன். பிறகு பிடித்தாரே ஒரு ஓட்டம். இரும்மா டாக்டரம்மா, கட் பண்ணிடாத என்று கத்திக்கொண்டே வைக்கோல் போருக்குப் போனார். கறுப்பி கிழடு தட்டிப்போய்ப் படுத்திருந்தாள், தூங்குகிறவள் தலையைப் பிடித்துத் தூக்கிப் போனுக்கு முன்னால் காட்டினார். கறுப்பு உடம்பு, அகல மண்டை, கண்ணுக்கு மேலே இரண்டு பொட்டு. அப்பன் நாயைக் காட்டுகிறேன் என்று தண்ணீர் டேங்கடிக்கு ஓடினார், அங்கே இன்னொரு நாலுகண் உருப்படி காதைச் சொறிந்துகொண்டிருந்தது. ருமானியின் கூடப் பிறந்தவர்கள், சித்தப்பன் பிள்ளைகள், சொந்தமா இல்லையா என்று தெரியாதவர்கள் என்று காலனியில் ஒரு நாயை விடவில்லை. வழியில் என் மாமியார் எட்டிப் பார்த்து, தவிட்டைப் புடைத்து வாங்கினவள் நான்தான் என்று சாட்சி சொன்னாள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் மாமனார் நாய்களையெல்லாம் ஒன்றாகக் காட்டவேண்டும் என்று நினைத்து, நாக்கைச் சுழற்றித் தோ தோ தோ என்று குரல் கொடுத்தார். போனுக்குள் காலனி நாய்கள் ஓடி வந்தன. இங்கே ருமானி துள்ளி எழுந்தாள். சிட், கம் என்று எதற்கும் அசையாத ராட்வைலர், மேஜை காலில் மோதி, மருந்துக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, அவர் கையிலிருந்த போனை நக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிக் குதித்தாள். வாலாட்டிய வேகத்தில் பின்பாதி உடம்பே ஆடியது.

"போறும், எழுதித்தரேன்," என்றார் டாக்டர்.

எழுதினார். நாட்டு நாய், கலப்பில்லை, தாய் தகப்பன் பார்த்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். தெருவில் விடாதீர்கள், ஊசி தவறாமல் போடுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். கிளம்பும்போது, இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இதுதான் சரியான நாய், ஜெர்மனி நாய் இங்கே மூச்சு வாங்கும் என்றார். என் வீட்டுக்காரர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பும்போது நாகேந்திரன் பேசவில்லை. சந்திரகிரி போயிற்று, தோப்புகள் வந்தன. இவனே இப்படி என்றால் தெரு என்ன சொல்லும். ஒரு டீக்கடை பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டினான். எல்லோருக்கும் டீ சொன்னான், ருமானிக்கு ஒரு பன் வாங்கினான். டீயைப் பாதி குடித்தபிறகுதான் பேசினான்.

"என் மாமியார் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன் அன்னா. பக்கத்து வீட்ல ராட்வைலர் இருக்குன்னு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தப்புதான் என்று மெதுவாகச் சொன்னார்.

"அது போகட்டும் விடு அன்னா. கறுப்பி இன்னும் குட்டி போடுமா?"

கறுப்பிக்கு வயசாகிவிட்டது, அவள் மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று நான் சொன்னேன். அவன் யோசித்தான். நாலு கண்ணும் பளிச்சென்று தெரிகிற குட்டியாக ஒன்று வேண்டும் என்றான். தவிடு ஒரு முறம் போதுமா, இல்லை வெளியாள் என்றால் இரண்டு முறமா என்று கேட்டான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, சட்டையெல்லாம் டீ கொட்டியது. பன்னைத் தின்று முடித்த ருமானியைப் பார்த்து நாகேந்திரன் சிட் என்றான். அவள் நின்றாள். அப்போ இங்கிலீஷ் ஒரு அக்ஷரம் தெரியாதா இதுக்கு என்று கேட்டான். எங்களுக்கும்தான் என்றேன்.

முனிசிபாலிடி ஒத்துக்கொண்டது. தெருவில் கொஞ்ச நாள் பேசினார்கள், பேசத்தான் செய்வார்கள். பிள்ளைகள் தவிட்டு நாய் என்று கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். வசந்தாம்மா பழைய தைரியம் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தாள். ருமானி வழக்கம்போலச் செருப்பைக் கவ்விக்கொண்டு போனாள், அது வசந்தாம்மாவின் செருப்பு. அவள் போட்ட கூச்சலில் ருமானி பயந்து முதல்முறையாக நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி குரைத்தாள். அதற்குப்பிறகு அந்த அம்மாள் கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேசுகிறாள். எந்த ஊர் என்று மறுபடி ஒரு நாள் ஆரம்பித்தாள். வரதய்யபாளையம் காலனி என்று என் வீட்டுக்காரர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னார். அதற்குமேல் அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பலகையைக் கழற்றிக் கீழே வைத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் சொல்லவில்லை. முந்தின நாளே மாமனாருக்குப் போன் போட்டு, வந்தே ஆகவேண்டும், கடலைக்காடு எங்கும் ஓடிப்போகாது என்று சொல்லியிருந்தார்.

மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள், மாமியார் தலையில் ஒரு மூட்டை, மாமனார் கையில் கடலைப் பை. ருமானி தெருக்கோடியிலேயே வாசனை பிடித்துக் கேட்டை உலுக்கினாள். நாகேந்திரன் அவன் வீட்டு வாசலில் இருந்தான், இஸ்திரிக்காரர் இருந்தார், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மாமனார் அவர்களைப் பார்த்ததும் ருமானியைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பழகிப்போன பயம். என் வீட்டுக்காரர் வெளியே போய் அந்தக் கையைப் பிடித்துக் கேட்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார்.

மறுபடி கேட்டில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்து, இன்னாம்மா எழுதிக்கீது என்று மாமனார் என்னைக் கேட்டார். முதல் வரி தமிழ், கீழே தெலுங்கு. நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தேன். ருமானி. நாலுகண் நாய். சொந்த ஊர் வரதய்யபாளையம் காலனி. வளர்த்தவர் கன்னையா.

மாமனார் பலகையைத் தொட்டார், பெயின்ட் இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு வாட்டி படி என்றார். படித்தேன்.